மெட்டி தொலைந்த கால்

வருஷத்துக்கு ஒரு தடவை அந்தச் செருப்புக் கடைக்குப் போவேன். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத கடை. படி ஏறுவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். சொல்யூஷன் பசையும் அரைபட்ட ரப்பர்த் தூளும் கலந்த வாசனை. போன வாரம் போனபோது கடைக்காரர் ஒரு கறுப்பு ரப்பர் ஷீட்டின் ஓரத்தை மோட்டார் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். தூள் பறந்து புருவமெல்லாம் கறுத்திருந்தது. "உட்காருங்கக்கா, உங்க அளவுதான் நோட்டுல இருக்கே" என்று பழைய கோடு போட்ட நோட்டை எடுத்தார். அதில் என் இடது பாதம் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் சுற்றி வரைந்தது. உள்பக்கம், பாதம் வளைகிற இடத்தில் பிறை மாதிரி ஒரு கோடு. அங்கே ரப்பரைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்பதற்கு அடையாளம்.

அந்த வாசனை வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மெட்டி.

அப்போது நான் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். ஆடித் தள்ளுபடி நேரம். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து முற்றத்தில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தை சட்டென்று நிறுத்திவிட்டார்கள். "எங்கடி இடது கால் மெட்டி?"

குனிந்து பார்த்தேன். இரண்டாம் விரல் வெறுமனே இருந்தது, மெட்டி இருந்த தடம் மட்டும் வெள்ளையாக. கல்யாணத்தன்று அம்மிமேல் கால் வைத்துப் போட்டது. விரலோடு விரலாக இருந்தது. அது கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. அத்தை பதறிப்போய் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், அன்று சவாரி முடிந்து வர நேரமாகிவிட்டது. அவர் வந்து சேரும்வரை அத்தை வாசல்படியை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் கடையில் கூட்டுகிற அக்கா, சேலை அட்டையும் குண்டூசியும் கிடந்த குப்பையிலிருந்து மெட்டியைப் பொறுக்கி எடுத்துவந்து கொடுத்தார்கள். அத்தைக்கு நிம்மதி. எனக்குத்தான் பயம் பிடித்தது. விரலில் இருந்து ஒரு வெள்ளி வளையம் உருவிப் போவதுகூடத் தெரியாத கால் என்ன கால்?

அந்தக் காலில் அதற்கு இரண்டு வருஷம் முன்பே எரிச்சல் தொடங்கியிருந்தது.

ஜவுளிக்கடை என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது கண்ணாடியும் லிஃப்டும் நீள மேசைகளும்தான். சின்ன வயதில் நான் பார்த்த கடை வேறு. அப்பா தீபாவளிக்கு எங்களைக் கூட்டிப்போகிற கடையில் தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். எதிரே சேலை காட்டுகிற அண்ணாச்சியும் சம்மணம் போட்டிருப்பார். சாய்வு மேசையும் கல்லாப்பெட்டியுமாக முதலாளியும் தரையில்தான். வாங்குகிறவர், விற்கிறவர், காசு வாங்குகிறவர் மூன்று பேரும் ஒரே மட்டத்தில் இருந்து பேசுவார்கள். நடுவில் காப்பி வரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மெத்தை போய் மேசை வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு நாற்காலி. இந்தப் பக்கம் எங்களுக்கு ஒன்றும் கிடையாது.

காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, ரேக்கில் சாயவும் கூடாது. நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். கீழ்த் தட்டில் பீஸ் தேடுகிற மாதிரி குந்திவிடுவோம். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். ஒருத்தி குந்தினால் பக்கத்தில் இருக்கிறவள் சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு நிமிஷத்தில் கால் அடையும் சுகத்தை இன்றும் என்னால் முழுதாக எழுதிவிட முடியாது.

எரிச்சல் இடது உள்ளங்காலில்தான். முதலில் ராத்திரியில் மட்டும். படுத்த கொஞ்ச நேரத்தில் அடுப்புச் சாம்பலில் காலை வைத்ததுபோல் இருக்கும். அப்புறம் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி. சில நேரம் கட்டைவிரலிலிருந்து சுருக்கென்று ஒன்று கிளம்பி கரண்டை வரைக்கும் ஏறும். சிமெண்டுத் தரையில் காலை ஒட்டிவைத்துப் படுப்பேன். தரை சூடாகிவிட்டால் வேறு இடத்துக்கு நகர்த்துவேன். நடுராத்திரியில் எழுந்துபோய்த் தண்ணீர்ப் பானைமேல் பாதத்தைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. வலது காலுக்கு ஒன்றுமே இல்லை.

"உடம்புச் சூடு" என்று அம்மா சொல்லிவிட்டாள். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய்க் குளியல். உள்ளங்காலில் விளக்கெண்ணெய். பிறகு மருதாணியை மைய அரைத்துப் பாதம் முழுக்க அப்பி, மேலே துணி சுற்றிப் படுக்கவைத்தாள். அன்று ஒரு ராத்திரி குளிர்ச்சியாக இருந்தது. அத்தை சொன்ன வைத்தியம் செங்கல். செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, மேலே எருக்க இலையைப் போட்டு, அதன்மேல் குதிகாலை அழுத்த வேண்டும். இலை வதங்கும் மணம் வீடெல்லாம் பரவும். குதிகால் வாதத்துக்கு அது கேட்கும் என்று ஊரில் பல பேர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். என் காலோ அதன்பிறகு இன்னும் எரிந்தது.

டாக்டர்களிடமும் போனேன். ஒருவர் குதிகாலை எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் முள் மாதிரி வளர்ந்திருப்பதைக் காட்டி, குதிகாலில் ஊசி போட்டார். அந்த முள் வலி இல்லாத பல பேருக்கும் இருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இன்னொருவர் சுகர் பார்த்தார், இல்லை. சத்துக் குறைவு என்று பி12 மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தியிருக்கும் என்று இடுப்புக்குப் பெல்ட் போடச் சொன்னார். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நின்றேன். ஒருவரையும் குறையாகச் சொல்ல எழுதவில்லை. உள்ளங்கால் எரிச்சலுக்கு அந்த மூன்றுமே நியாயமான சந்தேகங்கள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது வேறொன்று. நாலு வருஷத்தில் என் காலின் படத்தைப் பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள். காலை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

கையில் எடுத்தவர் எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி கிளினிக் வைத்திருந்த வயதான டாக்டர். முப்பது ரூபாய் டாக்டர் என்றுதான் பேர். மகளுக்குக் காய்ச்சல் என்று அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் மருந்துச் சீட்டு எழுதும்போது, என்னை அறியாமல் இடது உள்ளங்காலை மேசைக் கம்பியில் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உனக்கென்னம்மா கால்ல?"

சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றைக்கும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "காலையில எந்திரிச்சு மொத அடி வைக்கும்போது வலிக்குமா, ராத்திரி படுத்தப்புறம் எரியுமா?"

"காலையில நல்லாத்தான் இருக்குங்கய்யா. நிக்க நிக்கத்தான் ஏறுது. ராத்திரிதான் உயிர் போகுது."

"அப்ப குதிகால் வாதம் இல்ல. அது காலையில மொத அடியில கடிக்கும், நடக்க நடக்கக் கொஞ்சம் விடும்."

மகளை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். பெரிய மனிதர் மடியில் காலை நீட்ட எனக்குக் கூச்சம். இழுத்தேன், அவர் விடவில்லை. உள்பக்கக் கரண்டை எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, அங்கே நடுவிரலை வளைத்து, கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டினார்.

கரண்டையில் தட்டியது கட்டைவிரலில் போய் வெடித்தது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டதுபோல் உள்ளங்கால் முழுக்க ஓடியது. கத்திவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பாதத்தை மேலேயும் வெளிப்பக்கமாகவும் வளைத்து, விரல்களைப் பின்னுக்கு மடக்கிச் சில விநாடி பிடித்தார். நடுராத்திரி எரிச்சல் அப்படியே பட்டப்பகலில் வந்தது. வலது காலில் அதையே செய்தார், ஒன்றுமில்லை.

பிறகு அவர் செய்தது என்னை நடுங்கவைத்தது. முழங்கையின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தார். கழுத்தின் பக்கவாட்டில் தடவினார். முழங்காலுக்கு வெளிப்பக்கம் தடவினார். கை, கால், முதுகில் தேமல் மாதிரி ஏதாவது உண்டா என்று நர்ஸம்மாவைப் பார்க்கச் சொன்னார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். கட்டைவிரலிலும் இரண்டாம் விரலிலும் நான் தப்புத்தப்பாகக் காட்டினேன். எங்கள் ஊரில் குஷ்டத்துக்கு இப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிற்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டார்.

"பயப்படாத. அது இல்ல. இல்லன்னு உறுதி பண்ணத்தான் பாத்தேன். அந்த நோய் மொதல்ல போய் உக்கார்ற நரம்புகள்ல இதுவும் ஒண்ணு. எங்களுக்கு அந்தக் காலத்துல கை தானா அங்க போயிரும்."

இளம் டாக்டராக இருந்தபோது அவர் வேலூர்ப் பக்கம் கரிகிரியில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்திருக்கிறார். அங்கே கற்றதுதான் கரண்டைக்குப் பின்னால் நரம்பைத் தொட்டுப் பார்ப்பது. டாக்டர் பால் பிராண்டை அவர் நேரில் பார்த்திருக்கிறார். பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், பாதிரியார் பிள்ளை. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். தொழுநோயில் விரல்கள் போவதற்குக் காரணம், உணர்ச்சி செத்த கையையும் காலையும் மனிதர்கள் அறியாமலே காயப்படுத்திக்கொள்வதுதான் என்று காட்டியவர் அவர். அவரைப் பற்றி டாக்டர் எனக்கு ஒரு கதை சொன்னார். பிராண்டே எழுதியிருக்கும் கதை. இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து, காய்ச்சலோடு ராத்திரி அறையில் காலுறையைக் கழற்றும்போது, குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டிருக்கிறார். ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. இத்தனை வருஷம் தொட்டுப் பழகிய நோய் தனக்கே வந்துவிட்டது என்று அந்த ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறார். விடிந்ததும் மறுபடி குத்தினார்; வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலியைப் போல ஒரு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததில்லையாம்.

"நரம்பு அழுந்துனா அவருக்கே அந்தப் பயம். உனக்கு வராதா?" என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டு அழுதேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் பயத்துக்கு ஒருவர் மரியாதை கொடுத்திருந்தார்.

என் காலில் என்ன நடக்கிறது என்று அவர் ஒரு காகிதத்தில் வரைந்தார். எனக்குப் புரிந்தது நான் துணிக்கடைக்காரி என்பதால். பாவாடையில் நாடா கோக்க மடித்துத் தைத்த குழல் இருக்கிறதே, அந்த மாதிரி உள்கரண்டைக்குப் பின்னால் ஒரு குழல். அடிப்பக்கம் எலும்பு, மேல்பக்கம் கெட்டியான நார்ப்பட்டை. அதற்குள் மூன்று தசைநாண்கள், ஒரு தமனி, கூடவே சிரைகள், நடுவில் உள்ளங்காலுக்குப் போகிற நரம்பு. இத்தனையும் ஒரு விரல் அகலத்துக்குள். அந்தக் குழல் வழியாகத்தான் நரம்பு கிளை பிரிந்து குதிகாலுக்கும் விரல்களுக்கும் போகிறது. குழலுக்குள் ஏதாவது வீங்கினால் நார்ப்பட்டை விட்டுக்கொடுக்காது, எலும்பும் விட்டுக்கொடுக்காது, நசுங்குவது நரம்புதான். நசுங்குவது கரண்டையில், எரிவது உள்ளங்காலில். மணிக்கட்டில் இதே மாதிரி வருவதைக் கார்பல் டன்னல் என்று பல பேர் கேள்விப்பட்டிருப்பார்கள். காலில் வருவது டார்சல் டன்னல். அமெரிக்காவில் கெக் என்ற டாக்டரும் இங்கிலாந்தில் லாம் என்ற டாக்டரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வருஷத்தில், 1962-ல், இதற்கு இந்தப் பெயரை வைத்து எழுதினார்களாம். என் அம்மாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் அது. மனிதர்கள் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து இருந்திருக்க வேண்டிய நோயின் பெயருக்கு என் அம்மாவின் தாலிக்கு உள்ள வயதுதான் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். எங்கள் டாக்டர் தட்டிப் பார்த்த தட்டுக்கும் பெயர் உண்டு. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களின் நரம்புகளைத் தட்டிப் பார்த்து 1915-ல் எழுதிவைத்த டினெல் என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயர்.

எங்கள் டாக்டரின் சீட்டோடு நரம்பு கண்டக்‌ஷன் டெஸ்ட்டுக்குப் போனேன். பாதத்தின் உள்பக்கம் பட்டையாக ஒன்றை ஒட்டி, கரண்டைக்குப் பின்னால் சின்னச் சின்னதாகக் கரண்ட் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் துள்ளியது. கரண்ட் கரண்டையிலிருந்து கிளம்பிப் பாதத்துச் சதைக்கு வந்துசேர எத்தனை நேரம் என்று அந்த எந்திரம் மில்லி செகண்டில் கணக்குப் போட்டது. வலது காலைவிட இடது காலில் தாமதம். இந்த டெஸ்ட் சரியாக இருந்தும் நோய் இருக்கிறவர்கள் உண்டு என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். என் விஷயத்தில் அது காட்டிக்கொடுத்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் காரணமும் தெரிந்தது. குழலுக்குள், நரம்புக்கு அடியில், மூட்டிலிருந்து கிளம்பிய நீர்க்கட்டி. கொண்டைக்கடலை அளவு.

நின்றதால் வந்ததா என்று கேட்டேன். கட்டி அதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் நின்று நின்று பாதத்தின் வளைவு தாழ்ந்துபோனால் நரம்பு இழுபடும், நாள் முழுக்க நின்றால் அந்தக் குழலுக்குள் இருக்கிற சிரைகளும் புடைக்கும். ஏற்கனவே இடமில்லாத வீட்டில் விருந்தாளி வந்த கதை. "மொதல்ல உக்காரு. செருப்ப மாத்து. ஊசி போட்டுப் பாப்போம். கத்தி கடைசி" என்றார்.

அப்போதுதான் இந்த எம்.சி.ஆர். செருப்பு என் வாழ்க்கைக்குள் வந்தது. மைக்ரோ செல்லுலர் ரப்பர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் நிறைந்தது. அழுத்தினால் அமுங்கி எழும்பும். உணர்ச்சி போன பாதங்களில் புண் வராமலிருக்க மிருதுவான ரப்பரைத் தேடி, பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் வேலூரில் உருவாக்கிய செருப்பு அது. இன்று சர்க்கரை வியாதிக்காரர் வீடு தவறாமல் வாசலில் கிடக்கிறது. அன்று அப்படி இல்லை. நான் போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் எதிர்வீட்டு அம்மா அத்தையைக் கூப்பிட்டு, "அது அந்த நோய்க்காரங்க போடுறதாச்சே" என்று கேட்டிருக்கிறார். மெட்டிக்குப் பதறிய அதே அத்தை, "என் மருமக காலுக்கு எது சுகமோ அதப் போடுவா" என்று சொல்லிவிட்டு வந்ததைப் பிறகு மகள் சொல்லித்தான் கேட்டேன்.

செருப்பை மாற்ற முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை. டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஒருத்திக்கு ஸ்டூல் போட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். அவரும் நாள் முழுக்க நிற்கிறவர்தான். கரண்டைக்குப் பின்னால் ஊசி போட்டு நீரை உறிஞ்சினார்கள். இரண்டு மாதம் சொர்க்கம். பிறகு மறுபடி நிரம்பிக்கொண்டது. நரம்புக்குக் கொடுத்த மாத்திரை தலையைச் சுற்றவைத்தது. ஒரு நாள் பட்டுச் சேலையை விரித்தபடியே மேசைமேல் சரிந்தேன். அன்றோடு வேலையை விட்டேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்திருந்தார்கள். நினைவு இருந்தது. கரண்டையைச் சுற்றிப் பிறை மாதிரி அறுத்து, நார்ப்பட்டையைப் பிளந்து, நரம்பைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டுக் கட்டியை எடுத்தார்கள். எடுத்ததைச் சர்ஜன் என்னிடம் ஒரு சின்னப் பாட்டிலில் காட்டினார். பிசுபிசுவென்று, நிறமில்லாமல், இளம் நுங்கைக் கட்டைவிரலால் குத்தினால் வருமே அப்படி இருந்தது. என் நாலு வருஷ ராத்திரிகள் அந்த ஒரு சொட்டு நுங்கில் இருந்தன என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இப்படிக் கண்ணால் பார்க்கும்படி ஒரு கட்டி இருந்து அதை எடுக்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபரேஷன் நன்றாகப் பலன் தரும், காரணம் பிடிபடாதவர்களுக்கு அந்த அளவு உறுதி சொல்ல முடியாது என்று சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார். எனக்குக் காரணம் இருந்தது என் அதிர்ஷ்டம்.

அன்று ராத்திரி சாம்பல் எரிச்சல் இல்லை. தையல் வலித்தது. அந்த வலி வேறு, அது காயத்தின் வலி, தூங்கவிட்டது.

இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். காலை ஊன்றாமல் தலையணைமேல் உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள். மரத்த விரல்கள் உடனே திரும்பவில்லை. நசுங்கியதில் உள்ளே அறுந்துபோன இழைகள் கரண்டையிலிருந்து புதிதாக வளர்ந்துதான் விரலுக்குப் போய்ச்சேர வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், மாசத்துக்கு ஒரு இஞ்ச் போல என்றார் பழைய டாக்டர். "தட்டிப் பாத்துக்கிட்டே வா. சுருக்குன்ற எடம் கீழ எறங்கிட்டே வரும்."

அளப்பதற்கு எனக்குச் சொல்லித்தரவா வேண்டும். டேப்பை எடுத்தேன். கரண்டைப் பள்ளத்திலிருந்து கட்டைவிரல் நுனிக்கு எட்டு இஞ்ச். அப்போதிருந்து ஒவ்வொரு அமாவாசையன்றும் சாயந்திரம் வாசல்படியில் உட்கார்ந்து, வளைவிலிருந்து விரல் பக்கமாகத் தட்டிக்கொண்டே வருவேன். சுருக்கென்று எழும்புகிற இடத்தில் பேனாவால் புள்ளி வைப்பேன். மகள் தேதி எழுதுவாள். குளித்தால் புள்ளி அழியும் என்று அவள் நோட்டில் என் பாதத்தை வரைந்து அதில் குறித்தாள். கோலப்புள்ளி போல ஒவ்வொன்றாக அவை கீழே இறங்கின. சில மாசம் முக்கால் இஞ்ச்தான். ஒரு மாசம் நகரவே இல்லை, அன்று நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஏழாம் மாசமோ எட்டாம் மாசமோ, ஒரு காலை. வாசல் தெளித்துவிட்டு உள்ளே வருகிறேன், இடது காலில் எதுவோ உறுத்துகிறது. கல் ஏறிக்கொண்டதோ என்று குனிந்தேன். கல் இல்லை. மெட்டி. இரண்டாம் விரலில், வளையத்தின் வாய் சதையைக் கவ்விக்கொண்டிருந்தது. அத்தை என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்கள். "மெட்டி குத்துது அத்தை" என்றேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பிராண்ட் விடியக்காலையில் ஊசி குத்திப் பார்த்த கதையை நான் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

அதன்பிறகு நான் கடை வேலைக்குப் போகவில்லை. வீட்டு முன்னறையில் பாய் விரித்து மதுரைச் சுங்குடிச் சேலை வியாபாரம். வாங்க வருகிறவர்களும் பாயில், நானும் பாயில். அந்தக் கால அண்ணாச்சிபோலச் சம்மணம் போட்டுத்தான் விரித்துக் காட்டுகிறேன். பழைய டாக்டர் போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் மனைவிக்குப் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு சுங்குடி கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

2021-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்று எழுதிச் சேர்த்தார்கள். கேரளத்தில் 2018-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்மணியும் கடைப் பெண்களும் வருஷக்கணக்கில் போராடிக் கிடைத்தது. செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பீரோவில் பத்திரங்களோடு வைத்தேன். மகளின் அந்த நோட்டும் அங்கேதான் இருக்கிறது.

மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். முகூர்த்தப் பட்டுக்கு ஒரு பெரிய கடைக்குப் போனோம், நான் வேலை பார்த்த கடை இல்லை. பட்டுப் பிரிவில் இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி. மேசைக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் காலிச் சேலைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நாலாவது சேலையை விரிக்கும்போது அவள் ஒரு காலைத் தூக்கி, மறுகாலின் கெண்டைச் சதையில் தேய்த்தாள். எனக்கு அதற்குமேல் சேலை கண்ணில் படவில்லை.

"கால் எரியுதா தாயி?"

திடுக்கிட்டுப் பார்த்தாள். "இல்லக்கா."

"சும்மா சொல்லு. நானும் இதே வேலைதான் பாத்தேன். ராத்திரி படுத்தா எரியுதா? விரல் மதமதங்குதா?"

நான் சொன்னபடி குனிந்து, உள்கரண்டைக்குப் பின்னால் விரலை வளைத்துத் தட்டினாள். இரண்டு காலிலும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் சுருக்குன்னு இல்லையேக்கா. சும்மா, நின்னு நின்னு வலிக்குது."

"அப்ப உக்காரு."

ஸ்டூலைப் பார்த்தாள். கூரையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். என் மகள் மேசையைச் சுற்றிப் போய்ப் பெட்டிகளை இறக்கித் தரையில் வைத்தாள். நான் மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மேசையில் கிடந்த அரக்குப் பட்டின் முந்தானையைப் பிடித்து உதறி விரித்தேன். கை மறந்துபோகவில்லை. "எங்களுக்கு இன்னும் பத்து சேல பாக்கணும். நீ எடுத்துக் குடு, நான் விரிக்கிறேன்" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.